கணப்பருகே உடுத்தும் ஆடை

மணலியில் குடியிருப்போருக்குக் குளிர்கால ஆடையைப் பற்றிய கட்டுரை எதற்கு என்று வாசகர்கள் கேட்கக் கூடும். இமாசலப் பிரதேசத்து மணாலிக்கும் நம் மணலிக்கும் எழுத்தில் ஒரு துணைக்கால்தான் வேறுபாடு. குளிரிலோ ஒப்பிடவே இடமில்லை. சனவரி மாத விடியற்காலையிலும் இங்கே வெப்பநிலை 20 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கும். சுபுஹுத் தொழுகைக்குப் புறப்படும் முதியவர் காதைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டிக்கொண்டால் நம் ஊர்க் குளிருக்கு அது போதும்.

ஆயினும் நம் பிள்ளைகள் இங்கேயே இருந்துவிடுவதில்லை. அரையாண்டு விடுமுறையில் எங்கள் மத்ரஸாவின் மூத்த மாணவர்களை உதகைக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் சில ஆண்டுகளாக உண்டு. கன்டெய்னர் லாரி ஓட்டுநர்கள், ஆலைகளில் ஒப்பந்தத்திற்கு வேலை செய்வோர், காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்துத் தெருவில் விற்போர் ஆகியோரின் பிள்ளைகளே அவர்களுள் மிகுதி. மலையைப் பாடநூலில் மட்டும் பார்த்தவர்கள். பயணத்தில் எதை ஆவலுடன் எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டால் தாவரவியல் பூங்காவையோ மலை ரயிலையோ அவர்கள் சொல்வதில்லை. "ராத்திரி நெருப்பு மூட்டி உட்காருவோமே ஹஜ்ரத், அதுதான்" என்கிறார்கள். சுத்திகரிப்பு ஆலைக் குழாயின் உச்சியில் எரியும் சுடரைப் பிறந்தது முதல் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கும், சுற்றி அமர்ந்து கைநீட்டிக் குளிர்காயும் நெருப்பு புதுமையாகத்தான் இருக்கிறது.

உதகை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஆறு பாகைக்கு மேல் குறையும் என்பது பொதுக்கணக்கு. இரவு 9 மணிக்குச் சென்னை சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸில் வியர்வையோடு ஏறும் பையன், மறுநாள் இரவு புல்தரையில் உறைபனி படியும் ஊரில் நிற்கிறான். திசம்பர், சனவரி இரவுகளில் அங்கே வெப்பநிலை பூச்சியத்தைத் தொட்டுவிடுவதும் உண்டு. 24 மணி நேரத்தில் இவ்வளவு பெரிய மாற்றத்தை மணலியில் தைத்த ஒரு பள்ளிச் சட்டை தாங்காது.

ஆகவே கடந்த ஆண்டு மண்ணடியில் வணிகம் செய்யும் சகோதரர் ஒருவர், 27 மாணவர்களுக்கும் ஆளுக்கொரு ஜெர்கின் ஹதியாவாகத் தருவதாகச் சொன்னபோது எங்களுக்குப் பெரும் மகிழ்ச்சி உண்டாயிற்று. மாதிரிக்கு ஒன்று அனுப்பியிருந்தார். பளபளப்பான கருநீலம், உள்ளே பஞ்சு போன்ற அடைப்பு, கைமுனையில் இறுக்கமான எலாஸ்டிக். மாணவர்கள் அதை ஒருவர் மாற்றி ஒருவர் அணிந்து பார்த்தார்கள். அதைக் கழற்ற ஒருவனுக்கும் மனம் வரவில்லை.

அதை வேண்டாம் என்று சொல்லும் முடிவுக்கு எங்களைக் கொண்டுவந்தவை இரண்டு. முதலாவது, அதற்கு முந்தைய ஆண்டுப் பயணத்தில் நடந்தது. தங்குமிடத்தின் முற்றத்தில் அங்குள்ள பணியாளர்கள் கணப்பு மூட்டித் தந்திருந்தார்கள். யூகலிப்டஸ் கட்டை ஒன்று வெடித்துப் பறந்த பொறி, ஒரு மாணவனின் ஜெர்கின் கையில் விழுந்தது. பருத்திச் சட்டையாக இருந்தால் தட்டிவிட்டிருப்பான். மிஞ்சினால் ஒரு கருந்துளை. இந்தத் துணியோ கண நேரத்தில் சுருங்கி, பாகு போல் இளகி, மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது. அல்லாஹ்வின் அருளால் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மேல் காயம் பரவவில்லை. தழும்பு இன்றும் இருக்கிறது.

இரண்டாவது, ஒரு தந்தையின் சொல். இவர் ஆலை ஒன்றில் வெல்டருக்கு உதவியாளர். மாதிரி ஜெர்கினை விரல்களுக்கு இடையே தேய்த்துப் பார்த்தவர், "இதைப் போட்டுக்கிட்டு நாங்க உள்ளே போக முடியாது ஹஜ்ரத். காட்டன்தான் போடணும். நைலான், பாலியஸ்டர்னா கேட்லயே நிறுத்திடுவாங்க. தீ பட்டா தோலோட ஒட்டிக்கும்" என்றார். "பாய், இதை முன்பே சொல்லியிருக்கலாமே" என்றோம். "நீங்க கேக்கலையே" என்று சிரித்தார். எண்ணெயும் எரிவாயுவும் சூழ வாழும் ஊர் இது. தகப்பன்மார் ஆலைக்குள் நாள்தோறும் கடைப்பிடிக்கும் விதி அவர்கள் வீட்டு அலமாரிக்கு வந்து சேரவில்லை என்பதுதான் வியப்பு.

துணியின் இயல்பைச் சற்று விரிவாகச் சொல்வது பயன் தரும். நைலான் 220 பாகை அளவிலும், பாலியஸ்டர் 255 பாகையைக் கடந்த அளவிலும் உருகத் தொடங்குகின்றன. சிவந்த தணலின் வெப்பம் இதைவிடப் பன்மடங்கு மிகுதி. அக்ரிலிக் என்னும் செயற்கை இழை இவ்விரண்டினும் மோசமானது. உருகுவதோடு நில்லாமல் சுடர்விட்டு எரியும். நம் கடைகளில் 'உல்லன் ஸ்வெட்டர்' என்ற பெயரில் தொங்குபவற்றுள் பெரும்பகுதி இந்த அக்ரிலிக்கே. பருத்தி உருகாது; ஆனால் எளிதில் தீப்பற்றும். பருத்தியின் மற்றொரு குறை, வியர்வையையும் பனியையும் குடித்துவிட்டுக் காய மறுப்பது. ஈரப் பருத்தி உடலின் சூட்டை வெளியே இழுத்துவிடும். ஆட்டு மயிரால் ஆன உண்மையான கம்பளியின் நிலை வேறு. அது தீப்பற்ற 570 பாகைக்குக் குறையாத வெப்பம் வேண்டும். பற்றினாலும், நெருப்பை விலக்கியதும் பெரும்பாலும் தானே அணைந்துவிடும்; உருகிச் சொட்டாது. தன் எடையில் 30 விழுக்காடு வரை ஈரத்தை வாங்கிக்கொண்டும் கதகதப்பை இழக்காமல் இருக்கும்.

எது கம்பளி, எது போலி என்று விலைச் சீட்டை நம்பி முடிவு செய்ய இயலாது. ஜவுளி வணிகர்கள் கையாளும் பழைய சோதனை ஒன்று உண்டு. துணியின் உட்தையலிலிருந்து நான்கைந்து இழைகளைப் பிரித்து, இடுக்கியால் பிடித்து, தீக்குச்சி காட்ட வேண்டும். முடி கருகும் நாற்றம் அடித்து, எஞ்சிய கரி விரலில் பொடியாக உதிர்ந்தால் கம்பளி. காகிதம் எரியும் மணமும் மெல்லிய சாம்பலும் பருத்திக்கு உரியவை. நுனியில் கடினமான மணி போல் திரண்டு நின்றால் செயற்கை இழை. பட்டும் முடி போலவே நாறும். ஆண்மக்களுக்குப் பட்டு விலக்கப்பட்டிருப்பதால் எங்களுக்கு அந்தக் குழப்பம் எழவில்லை.

ஜமாஅத்தார் வீடுகளிலிருந்து சேகரித்த பழைய ஸ்வெட்டர்களை மத்ரஸா முற்றத்தில் வைத்து இவ்வாறு சோதித்தோம். ஆசிரியர்களே இடுக்கியைப் பிடித்தோம். மாணவர்கள் சற்றுத் தள்ளி நின்று, மூக்கை நீட்டித் தீர்ப்புச் சொன்னார்கள். 31 ஸ்வெட்டர்களில் கம்பளி என்று தேறியவை நான்கு. அவற்றுள் மூன்று, வளைகுடா செல்லுமுன் வடநாட்டில் வேலை பார்த்த ஒரே குடும்பத்திலிருந்து வந்தவை. மண்ணடிச் சகோதரரையும் அழைத்திருந்தோம். தாம் அனுப்பிய மாதிரியின் ஓர் இழை இடுக்கி முனையில் கறுத்த மணியாகத் திரண்டதை அவர் நீண்ட நேரம் பார்த்தார். மனம் வருந்தியிருப்பாரோ என்று எங்களுக்குக் கவலை. மறுநாள் தொலைபேசியில், "ஜெர்கின் காசுக்கு என்ன வாங்கலாம், நீங்களே சொல்லுங்கள்" என்றார். தருபவரின் பெருமையைவிடப் பெறுபவரின் நலனை முன்வைத்த அந்த மனத்திற்கு அல்லாஹ் நற்கூலி தருவானாக.

கம்பளியின் பெருமையை நாம் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்நஹ்ல் அத்தியாயத்தின் 5ஆம் வசனம் கால்நடைகளின் பயன்களை எண்ணும்போது முதலில் குறிப்பிடுவது அவற்றிலிருந்து கிடைக்கும் கதகதப்பைத்தான். உண்பது அதன் பின்னரே வருகிறது. 80ஆம் வசனம் ஆட்டின் கம்பளியையும் ஒட்டகத்தின் உரோமத்தையும் வெள்ளாட்டு முடியையும் தனித்தனியே பெயர் சொல்கிறது. 81ஆம் வசனம் வெயிலிலிருந்து காக்கும் ஆடைகளைப் பற்றிப் பேசிக் குளிரைச் சொல்லாமல் விடுவதைக் கண்ட விரிவுரையாளர்கள், குளிருக்குரிய செய்தி 5ஆம் வசனத்திலேயே வந்துவிட்டது என்று விளக்குவர். கம்பளிக்கு அரபியில் 'ஸூஃப்' என்று பெயர். ஸூஃபி என்னும் சொல்லே அதிலிருந்து பிறந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து.

தமிழ்நாட்டிலும் கம்பளிக்குக் குறைவில்லை. நீலகிரிக்கென்றே மெல்லிய மயிர் தரும் செம்மறி இனம் ஒன்று உண்டு. உதகையை அடுத்த சாண்டிநல்லாவில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் அதைப் பேணுகிறார்கள். கொடைக்கானல் மலையின் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி மையம் 'பாரத் மெரினோ' இனத்தை வளர்க்கிறது. தோடர் மக்கள் போர்த்தும் கனத்த பருத்திப் போர்வையான புத்துக்குளியில், கறுப்பும் சிவப்புமான கம்பளி நூலால் பூவேலை செய்வார்கள். தோடர் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இவ்வளவும் இருந்தும், உதகைக் கடைத்தெருவில் சுற்றுலாப் பயணிக்குக் குவித்து விற்பது செயற்கை இழையைத்தான். விலை அப்படி.

விலை எங்களையும் கட்டிப்போட்டது. 27 பேருக்கும் முழுக் கம்பளிக் கோட்டு வாங்க வழியில்லை. நெடுநேர மஷூராவுக்குப் பின் வந்த முடிவு இது. உடலை ஒட்டி மெல்லிய உள்ளாடை. மலை ஏறி நடந்து வியர்த்தால், இரவுக்கு முன் அதை மாற்றுவதற்கு இன்னொன்று பையில் இருக்க வேண்டும். அதன்மேல் வீட்டில் இருக்கும் ஸ்வெட்டர் எதுவாயினும் சரி. அதற்கும் மேலே, நெருப்பைப் பார்க்கும் பக்கத்தில், உருகாத துணியாலான கனத்த மேற்சட்டை. ஜீன்ஸ் துணியிலோ காக்கித் துணியிலோ தைத்தது போதும். மணலியில் ஆலைச் சீருடை தைக்கும் தையற்காரர் ஒருவரே இதைத் தைத்துத் தந்தார். முழங்கையில் இரட்டைத் துணி, தோளில் இரட்டைத் தையல், பெரிய பித்தளைப் பொத்தான். இரண்டு மாணவர்களின் தம்பிமார்வரை உழைக்கும். முதுகுக்கு ஆளுக்கொரு கம்பளிப் போர்வை. கணப்பருகே அமர்ந்தவர் அறிவர்: மார்பு வேகும், முதுகு விறைக்கும். ஆகவே கனமான பொருள் முதுகுக்கே முதலில் தேவை. பழங்கம்பளி ஆடைகளைப் பிரித்து நூற்று பானிபட்டில் நெய்யும் சாம்பல்நிறப் போர்வைகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் கலப்பு உண்டு என்பதால் ஒவ்வொரு கட்டிலிருந்தும் இழை எடுத்து எரித்துப் பார்த்த பின்னரே வாங்கினோம். கடைக்காரர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இனி, கடைக்காரர் எவரும் சொல்லாத ஒன்று. அதுதான் சட்டையின் கை. நம் பிள்ளைகள் குளிரிலும் நாளைக்கு ஐந்து வேளை ஒளூச் செய்பவர்கள். இறுக்கமான எலாஸ்டிக் கை முழங்கைக்கு மேல் ஏறாது, ஏறினாலும் நிற்காது, நழுவி இறங்கி நனையும். நனைந்த கைமுனையோடு உதகையின் இஷாவுக்குப் பிந்திய காற்றில் நிற்கும் பையனுக்கு அந்த ஜெர்கினால் என்ன பயன்? தபூக் பயணத்தின்போது நபி (ஸல்) அவர்கள் அணிந்திருந்த கம்பளி ஜுப்பாவின் கைகள் குறுகலாக இருந்தமையால் மேலே சுருட்ட இயலவில்லை. கைகளை ஜுப்பாவின் அடிப்புறமாக வெளியே எடுத்து ஒளூச் செய்தார்கள் என்று முகீரா இப்னு ஷுஅபா (ரலி) அறிவிக்கும் செய்தி ஹதீஸ் நூல்களில் உள்ளது. குறுகிய கையுடைய ஆடை கூடும் என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டுவர். அதன் வசதிக்குறைவும் அதே செய்தியிலேயே இருப்பதைத் தையற்காரரிடம் சொன்னோம். அவர் கைமுனையில் பட்டை வைத்து இரண்டு பொத்தான் தைத்தார். குளிரில் ஒன்றைப் பூட்டலாம்; ஒளூவுக்கு இரண்டையும் அவிழ்க்கலாம்.

அதே நிகழ்ச்சியில் காலுறையின் சட்டமும் அடங்கியிருக்கிறது. முகீரா (ரலி) குனிந்து கழற்ற முற்பட்டபோது, தூய்மையோடு அணிந்ததால் விட்டுவிடும்படி சொல்லி அவற்றின்மீது மஸ்ஹு செய்தார்கள் நபியவர்கள். ஊரில் இருப்பவருக்கு ஒரு பகலும் ஓர் இரவும், பயணிக்கு மூன்று பகலும் மூன்று இரவும் இச்சலுகை உண்டு. மணலியிலிருந்து உதகை செல்பவர் பயணியே. தோலாலான குஃப் ஒரு சோடி இருந்தால் குளிருக்கும் ஆகும், ஒளூவுக்கும் ஆகும், பொறி விழுந்தாலும் ஆகும். தெருவில் விற்கும் மெல்லிய நைலான் காலுறையின்மீது மஸ்ஹு கூடாது என்பது ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளின் நிலை. தடித்த துணிக் காலுறை பற்றி அவரவர் இமாமிடம் கேட்டுக்கொள்வது நலம். நைலான் காலுறையோடு கணப்புப் பக்கம் கால் நீட்டுவதை எந்த மத்ஹபைக் கேளாமலும் விட்டுவிடலாம்.

நம் பெண்மக்களின் ஆடையைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க இயலாது. குடும்பத்தோடு ஏற்காட்டுக்கோ ஏலகிரிக்கோ செல்வோர் இப்போது பலர். நிதா, ஜார்ஜெட், கிரேப் என்று பெயர் சொல்லி வாங்கும் பர்தாத் துணிகள் பெரும்பாலும் பாலியஸ்டர்தான். அகன்ற கையும் தரையைத் தொடும் விளிம்பும் தொங்கும் முந்தானையும் கண்ணியத்துக்காக அமைந்தவை. கணப்பருகே அவையே முதலில் தீயைத் தொடுகின்றன. பயணத்துக்கென்று கனத்த பருத்தியில் ஒரு பர்தா தைத்துக்கொள்வது பெரிய செலவன்று. மேலே கம்பளிச் சால்வையை முன்பக்கம் ஊசி குத்திப் போர்த்தினால் தொங்கல் இராது. கணப்பு எரியும் இடத்தில் குழந்தையைத் தூக்கி வைத்திருப்பவர் எப்போதும் இரண்டாம் வரிசையில்தான் அமர வேண்டும். இது எங்கள் பயணத்தில் விதி, வாதத்துக்கு இடமில்லை.

நெருப்பைப் பற்றியும் சில சொற்கள். மூஸா (அலை) அவர்கள் குடும்பத்தோடு பயணம் செய்த இரவில் தொலைவில் நெருப்பைக் கண்டு, குளிர்காயக் கொள்ளி கொண்டுவரப் புறப்பட்ட செய்தியை அந்நம்லும் அல்கஸஸும் சொல்கின்றன. அல்வாகிஆ அத்தியாயம் நெருப்பை நினைவூட்டலாகவும் வழிப்போக்கருக்குப் பயனாகவும் குறிக்கிறது. இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் 20 பேருக்கு மேல் காட்டுத்தீயில் உயிரிழந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். தங்குமிடத்தின் திறந்த முற்றத்தில், காய்ந்த புல் இல்லாத தரையில், பக்கத்தில் இரண்டு வாளி நீரோடு மூட்டுவதே முறை. மணலிச் சாலையோரத்தில் பேலட் பலகையையும் டயரையும் எரித்துக் குளிர்காய்வதைப் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு, கையில் கிடைத்ததையெல்லாம் தீயில் போடக் கூடாது என்பதையும் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

ஆடையில் தீப்பற்றினால் ஓடக் கூடாது. தரையில் விழுந்து உருள வேண்டும். அருகிலிருப்பவர் கம்பளியால் மூடி அணைக்க வேண்டும். போர்வை முதுகில் இருப்பதன் இரண்டாவது பயன் இது. உருகி ஒட்டிய துணியைப் பிய்க்காமல், 20 நிமிடம் ஓடும் நீரில் காட்டி மருத்துவரிடம் செல்ல வேண்டும். பற்பசையும் மஞ்சளும் வேண்டாம். உறங்குமுன் நெருப்பை அணைத்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டது மதீனாவில் ஒரு வீடு இரவில் எரிந்த செய்தி கேட்டபோதுதான். குளிர் தாங்காமல் தணல் சட்டியை அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழாத செய்திகள் மலையூர்களிலிருந்து இன்றும் வருகின்றன. மணமில்லாத நச்சுக்காற்று கொல்லும். அறைக்குள் கம்பளிதான், கரி இல்லை.

சட்டைகளும் கம்பளிகளும் இப்போது மத்ரஸாவின் தகரப் பெட்டிகளில் இருக்கின்றன. அவை மாணவர்களுக்குச் சொந்தமல்ல. அடுத்த வகுப்புக்கும் அதற்கடுத்த வகுப்புக்கும் உரியவை. மணலியில் கம்பளிக்குப் பகை குளிரன்று, ஈரம். மாதம் ஒருமுறை மொட்டைமாடியில் வெயிலில் விரித்து, தட்டி, காய்ந்த வேப்பிலை இட்டு மடிக்கிறோம். ஆலைப்புகை நம் பக்கம் வீசும் நாளாகப் பார்த்து விரித்துவிடக் கூடாது. இரண்டு மாணவர்களுக்கு அதுவே பொறுப்பு. வெந்நீரில் துவைத்தால் கம்பளி சுருங்கிவிடும். தண்ணீரில் மெல்ல அலசி, பிழியாமல், நிழலில் கிடத்தி உலர்த்துகிறோம்.

சென்ற மழையில் தாழ்வான தெருக்களுக்குள் நீர் வந்த இரவில் பெட்டியிலிருந்து ஒன்பது கம்பளிகள் வெளியே போயின. எட்டு திரும்பிவிட்டன. ஒன்பதாவது ஒரு மூதாட்டியிடம் இருக்கிறது. அதை யாரும் போய்க் கேட்கப் போவதில்லை. திசம்பருக்குள் புதிதாக ஒன்று வாங்க வேண்டும். இழையை எரித்துப் பார்த்துத்தான்.